ஆங்கில வகுப்பறை: சில யோசனைகள்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்துருவம்)



ஆங்கிலம் கற்பிக்கும் முறைபற்றிச் சில வார்த்தைகள் பேசுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்திருக்கின்றனர். வகுப்பறையிலேயே தலை நரைத்த உபாத்தியாயர்கள் பலர் முன்வரிசையில் வீற்றிருக்கையில், இன்னும் பல்கலைக்கழகத்தில் மாணவராகவே இருக்கும் நாம் இப்பொருளை எடுத்துக்கொண்டது துணிவான செயல்தான். ஆயினும், கறியில் உப்புக் குறைந்ததைச் சமைத்தவரிலும் பார்க்கப் பந்தியில் இருப்பவர் விரைவில் அறிவார் அல்லவா? நாம் பந்தியில் இருப்பவர்கள். ஆங்கிலத்துக்கு நல்ல இடம் கொடுத்த மிஷன் பாடசாலை ஒன்றிற் படித்தோம். இன்று, கிராமத்துப் பாடசாலைகளிலிருந்து வந்த தோழர்களோடு ஒரே விரிவுரை மண்டபத்தில் அமர்ந்திருக்கின்றோம். இரு பக்கத்தையும் கண்ணாற் கண்டவர்கள் என்ற உரிமை ஒன்றைக் கொண்டே இங்கு பேச முன்வந்தோம்.

விஷயத்துக்கு வருவோம். 1945 ஆம் ஆண்டில், கல்வி மந்திரி கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி இந்நாட்டில் வந்தது. அதன்பின் தாய்மொழி போதனாபாஷையாயிற்று. இவ்விரண்டினாலும், முன்பு பணமுள்ளவன் மகனுக்கே திறந்திருந்த பல்கலைக்கழக வாசல், கமக்காரன் மகளுக்கும் கடற்றொழிலாளி மகனுக்கும் திறந்தது. இதை ஒருபோதும் நாம் மறத்தலாகாது. ஆனால் உள்ளே நுழைந்த பிள்ளைக்கு நேர்வது என்ன? மருத்துவமும் பொறியியலும் இன்றும் ஆங்கிலத்திலேயே போதிக்கப்படுகின்றன. மற்றைய துறைகளிலும் உயர்ந்த நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள. மூன்றாம் வகுப்பு முதல் சாதாரண தரம் வரை ஒன்பது ஆண்டுகள் ஆங்கிலம் ஒரு பாடமாகப் படித்து வந்த பிள்ளை, முதல் நாள் விரிவுரையிலே வாய் திறவாமல் அமர்ந்திருக்கின்றது. கணிதத்திலே தன்னை வெல்ல ஆளில்லாத தோழர் ஒருவர், "விளங்கவில்லை" என்ற ஒரு சொல்லை ஆங்கிலத்திற் சொல்ல அஞ்சி, விளங்காமலே வெளியே வருகின்றார். இது அறிவுக் குறைவன்று, அச்சத்தின் வேலை.

இலங்கைப் பல்கலைக்கழக மாணவரிடையே ஆங்கிலத்துக்கு ஒரு செல்லப்பெயர் உண்டு. "கடுவ" என்பார்கள். அது சிங்களச் சொல்; வாள் என்பது பொருள். பேராசிரியர் திரு கந்தையா அவர்கள் 1984 இல் இச்சொல்லையே தலைப்பாகக் கொண்டு ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார்கள். வாள் என்று ஏன் சொன்னார்கள்? வைத்திருப்பவன் வீசுகிறான், இல்லாதவன் வெட்டுப்படுகிறான், அதனாலேதான். ஒரு சிலர் கையில் வாளாயிருக்கும் இந்த மொழியை, எல்லார் கையிலும் மண்வெட்டியாக்குவது எப்படி? மண்வெட்டியைக் கண்டு எவரும் நடுங்குவதில்லை. எடுத்து வேலை செய்கிறோம். வேலை முடிந்ததும் மூலையில் வைக்கிறோம். ஆங்கிலமும் அப்படி ஆகவேண்டுமானால் வகுப்பறை மாறவேண்டும். இதுவே எமது பேச்சின் சாரம்.

முதலில் ஓர் ஐயத்தை அகற்றவேண்டும். "ஆங்கிலம் வளர்ந்தால் தமிழ் தேயுமே" என்று கவலைப்படும் பெரியோர் உளர். அக்கவலையில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் நம் முன்னோரின் வரலாறு வேறு பாடம் சொல்கின்றது. 1823 இல் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரி 1855 வரை நடந்தது. அங்கே ஆங்கிலமும் தமிழும் அருகருகே இருந்து கற்பிக்கப்பட்டன. அங்கு படித்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1857 இல் சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரானார். பின்பு ஏட்டுச் சுவடிகளிற் கிடந்த பழந்தமிழ் நூல்களை அச்சேற்றினார். ஆறுமுக நாவலர் அவர்கள் யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலே பேர்சிவல் பாதிரியாரிடம் ஆங்கிலம் கற்று, அவருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் உதவினார்; 1848 இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். விபுலாநந்த அடிகள் ஷேக்ஸ்பியரின் நாடகங்களை ஆராய்ந்து 1926 இல் மதங்கசூளாமணி என்னும் நூலைத் தமிழுக்குத் தந்தார். இவர்களுள் எவருக்கு ஆங்கிலத்தால் தமிழ் தேய்ந்தது?

இவர்கள் எப்படிக் கற்றார்கள் என்பதையும் கவனியுங்கள். ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குப் பொருளைச் சுமந்துகொண்டு போயும் வந்தும் கற்றார்கள். வின்சிலோ பாதிரியாரின் தமிழ் - ஆங்கில அகராதி 1862 இல் வெளியாயிற்று. 67,000க்கு மேற்பட்ட சொற்களைக் கொண்டது. அத்தகைய பெருநூலுக்கு எத்தனை தமிழறிஞர் உழைத்திருப்பர்! ஆங்கிலம் அவர்களுக்கு ஒப்புவிக்கும் பாடமாக இருக்கவில்லை. செய்யும் வேலையாக இருந்தது.

பிற்காலத்திலே இரண்டு தவறான வழக்கங்கள் நம் வகுப்பறைகளிற் புகுந்தன. ஒன்று, ஆங்கில வகுப்பில் தமிழ்ச் சொல் ஒன்று வாயில் வந்தால் அபராதம் என்ற பழைய சட்டம். இதைப் பெரியோர் பலர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். மற்றது, அதற்கு நேரெதிரானது. நாற்பது நிமிடப் பாடத்தில் முப்பத்தைந்து நிமிடம் உபாத்தியாயர் தமிழில் விளக்க, ஆங்கிலம் கரும்பலகையில் மட்டும் கிடக்கும். பிள்ளைகள் அதைக் கொப்பியிற் பார்த்தெழுதுவர். முதல் வழக்கத்தாற் பிள்ளை ஊமையாகின்றது. இரண்டாவதாற் பிள்ளை எழுத்தராகின்றது. இரண்டிலும் பேசுகின்ற பிள்ளை இல்லை.

யாழ்ப்பாணத்தவரான பேராசிரியர் சுரேஷ் கனகராஜா அவர்கள், போர்க்காலத்திலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து ஆங்கில வகுப்புகளை ஆராய்ந்து 1999 இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். ஆங்கிலம் மட்டுமே பேசவேண்டும் என்ற கொள்கை இருந்தபோதிலும், ஆசிரியரும் மாணவரும் வேண்டிய இடத்தில் தமிழையும் கலந்தே பாடத்தை நடத்தினர் என்று அவர் காட்டினார். அது சோம்பலாற் செய்த கலப்பன்று. விளங்கிக்கொள்வதற்கும், ஒருவரோடொருவர் நெருங்குவதற்கும் செய்த கலப்பு. ஆதலின் எமது கொள்கை இது: தமிழ் ஒரு பாலம். பாலத்தை உடைத்துவிட்டு நீந்தி வா என்று பிள்ளையைச் சொல்லலாகாது. பாலத்தின் நடுவே குடிசை கட்டி இருந்துவிடவும் கூடாது.

பாலம் கட்டுபவருக்கு இரண்டு கரையும் தெரிந்திருக்கவேண்டும். ஆங்கிலம் கற்பிப்பவர் தமிழின் அமைப்பையும் எண்ணிப் பார்க்கவேண்டும். மூன்று உதாரணம் சொல்வோம்.

"அம்மா கடையில் மீன் வாங்கினார்." தமிழில் வினை கடைசியில் வந்து வாக்கியத்தை முடித்து வைக்கிறது. ஆங்கிலத்திலோ "அம்மா - வாங்கினார் - மீன் - கடையில்" என்ற வரிசை. அதுமட்டுமன்று, "கடையில்" என்ற சொல்லினுள்ளே பின்னால் ஒட்டும் "இல்" உருபு, ஆங்கிலத்தில் முன்னால் தனிச் சொல்லாகப் போய் நிற்கும். கண்ணாடியிலே இடமும் வலமும் மாறித் தெரிவதுபோலப் பலவும் மாறி நிற்கின்றன. இதைப் பிள்ளைக்கு ஒருமுறை காட்டிவிட்டால் நூறு பிழைகளுக்கு வேர் எங்கே என்று அது தானே கண்டுகொள்ளும்.

இரண்டாவது, மரியாதை. நமக்கு நீ, நீர், நீங்கள் என்று படிகள் உண்டு. "தா" என்பதும் "தாருங்கள்" என்பதும் வினையிலேயே வேறுபடும். ஆங்கிலத்தில் எல்லாருக்கும் "யூ" ஒன்றுதான். எனவே நம் பிள்ளை மனத்திலே "தாருங்கள்" என்று பணிவாக நினைத்து, "கிவ் மீ" என்று சொல்லிவிடுகின்றது. கேட்பவர் காதில் அது "தா" என்று விழுகின்றது. ஆங்கிலேயர் மரியாதையை வேறிடத்தில் வைத்திருக்கிறார்கள்: "குட் யூ", "பிளீஸ்", "மே ஐ" என்ற சொற்களிலே. இதைச் சொல்லிக் கொடாவிட்டால், நல்ல வளர்ப்பில் வளர்ந்த பிள்ளை நாகரிகமற்ற பிள்ளையென்று பெயர் வாங்கும்.

மூன்றாவது, ஒலி. யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு இங்கே ஒரு பரம்பரைச் சொத்து உண்டு. "வெற்றி", "காற்று" என்று நாம் சொல்லும்போது நாக்கு மேற்பல்லின் ஈற்றுக்குப் பின்னாற் படுகின்றதே, ஆங்கிலத்து "ரீ" என்னும் எழுத்தின் ஒலியும் ஏறத்தாழ அங்கேதான் பிறக்கின்றது. அதனாலன்றோ நாம் "ரிக்கற்", "மார்க்கற்", "பிஸ்கற்" என்று எழுத, அக்கரையில் "டிக்கெட்", "மார்க்கெட்", "பிஸ்கட்" என்று எழுதுகின்றனர்! இந்தச் சொத்தைப் பிள்ளைக்கு எடுத்துக் காட்டுங்கள்; நம்பிக்கை பிறக்கும். ஆனால் கடனும் உண்டு. குண்டூசியையும் குப்பைத்தொட்டியையும் குறிக்கும் இரண்டு ஆங்கிலச் சொற்களைத் தமிழெழுத்தில் எழுதினால் இரண்டும் "பின்" தான். இதற்கு ஒரு சிறு பயிற்சி போதும். உபாத்தியாயர் இரண்டில் ஒன்றைச் சொல்லவேண்டும். ஊசியென்றால் ஒரு விரல், தொட்டியென்றால் இரண்டு விரல் உயர்த்தவேண்டும். ஐந்து நிமிடத்தில் வகுப்பு முழுவதன் காதும் திருந்தும்.

இனி, வகுப்பறையிற் செய்யத்தக்க யோசனைகள் சிலவற்றைச் சொல்வோம். இவற்றுக்குப் பணம் வேண்டியதில்லை.

முதலாவது, கேட்டுச் செய்தல். குழந்தை பேசுவதற்கு முன்பு எத்தனையோ மாதம் கேட்டுக்கொண்டே இருக்கின்றது. "வா", "இரு", "பந்தை எடு" என்றால் வருகின்றது, இருக்கின்றது, எடுக்கின்றது, பிறகுதான் பேசுகின்றது. இதைக் கொண்டு ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960களில் ஒரு முறையை வகுத்தார். உபாத்தியாயர் ஆங்கிலத்திற் கட்டளையிட, பிள்ளைகள் வாய் திறவாமல் உடம்பாற் செய்து காட்டவேண்டும். "எழும்பு, யன்னலைத் திற, கதிரையைத் தூக்கி மேசைக்குப் பக்கத்தில் வை." பேசவேண்டிய கட்டாயம் இல்லாதபடியால் அச்சமும் இல்லை. யன்னல், கதிரை, மேசை என்பன போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொற்கள். அவற்றை நம் பாட்டிமார் எந்தப் பாடப்புத்தகத்திற் படித்தார்கள்? பொருளைக் கண்டார்கள், சொல்லைக் கேட்டார்கள், பிடித்துக்கொண்டார்கள்.

இரண்டாவதற்கு, நிற்கும் வாக்கியம் என்று நாம் பெயர் வைத்திருக்கின்றோம். ஒரு வாக்கியத்தின் சொற்களை மட்டைகளில் எழுதி ஆறு பிள்ளைகள் கையிற் கொடுங்கள். முதலில் அவர்கள் தமிழ் வரிசையில் நிற்கட்டும். பின்பு "ஆங்கிலமாகுங்கள்" என்றவுடன் இடம் மாறி நிற்கட்டும். வினைச்சொல்லைப் பிடித்திருக்கும் பிள்ளை கடைசியிலிருந்து நடுவுக்கு ஓடவேண்டும். அப்படி ஓடிய பிள்ளைக்கு ஆங்கிலத்தில் வினை எங்கே நிற்கும் என்பது பின்பு மறக்குமா?

மூன்றாவது, மாற்றீட்டு அட்டவணை. ஜப்பானில் நெடுங்காலம் ஆங்கிலம் கற்பித்த ஹரல்ட் பாமர் என்ற ஆங்கிலேயர் இதைப் பெரிதும் வளர்த்தார். கரும்பலகையில் மூன்று நிரல் வரையுங்கள். முதல் நிரலிலே நான், நாங்கள், நீங்கள், அவர்கள் என்ற நான்குக்கும் ஆங்கிலம். இரண்டாவதில் வாங்கினோம், விற்றோம், கண்டோம், கேட்டோம் என்பனபோல நான்கு வினை. மூன்றாவதில் நான்கு பொருள். நான்கு, நான்கு, நான்கு: பெருக்கினால் 64 வாக்கியம். பன்னிரண்டு சீட்டுகளை வைத்துக்கொண்டு அறுபத்துநான்கு பிழையற்ற வாக்கியங்களைப் பிள்ளை தன் வாயாற் சொல்கின்றது. ஆனால் இங்கே நின்றுவிடக் கூடாது. கடைசியில், "உனக்கு உண்மையான ஒரு வாக்கியத்தைச் சொல்" என்று கேட்கவேண்டும். அந்த அறுபத்தைந்தாவது வாக்கியந்தான் கல்வி.

நான்காவது, குறை நிரப்பும் பயிற்சி. நமது வகுப்புகளில் உபாத்தியாயர் தமக்குத் தெரிந்ததையே பிள்ளையிடம் கேட்கிறார். பேனாவைத் தூக்கிக் காட்டி "இது என்ன?" என்கிறார். அது பேனா என்பது அவருக்குந் தெரியும், பிள்ளைக்குந் தெரியும். தெரிந்ததைச் சொல்வதில் என்ன உயிர் இருக்கும்? இரண்டு பிள்ளைகளை முதுகோடு முதுகாக இருத்துங்கள். ஒருவர் கையில் பருத்தித்துறைக்குப் போகும் பஸ்ஸின் புறப்படும் நேரங்கள். மற்றவர் கையில் வந்து சேரும் நேரங்களும் கட்டணமும். பத்து மணிக்கு முன் அங்கே நிற்கவேண்டும்; எந்த பஸ்ஸைப் பிடிப்பது? ஒருவரை ஒருவர் ஆங்கிலத்திற் கேட்டால்தான் விடை வரும். தென்னிந்தியாவிலே பெங்களூரை மையமாகக் கொண்டு என். எஸ். பிரபு என்ற அறிஞர் 1979 முதல் 1984 வரை நடத்திய பரிசோதனை இத்தகையது. புகையிரத நேர அட்டவணையும் ஊர்ப்படமும் சாதாரண அரசாங்கப் பாடசாலைப் பிள்ளைகளின் பாடமாயின. மனம் பொருளிலே நிற்கும்போது மொழி தானே படியும் என்பது அவர் துணிபு.

ஐந்தாவது, தெரிந்த கதையைத் தெரியாத மொழியிற் சொல்லுதல். பாடப்புத்தகத்திலே பனி பொழிகின்றது; பிள்ளை பனியைக் கண்டதில்லை. சொல்லும் புதிது, பொருளும் புதிது. இரண்டு சுமை ஒரே தலையில். அதற்குப் பதிலாக, வடையைக் கொண்டு மரத்திலிருந்த காகத்தை நரி ஏமாற்றிய கதையை ஆங்கிலத்திற் சொல்லச் சொல்லுங்கள். கதை பாட்டி தந்தது; மொழி மட்டுமே புதிது. வளர்ந்த பிள்ளைகளுக்கு இன்னும் ஒரு படி மேலே: கோயிலுக்கு வந்த வெளிநாட்டார் ஒருவருக்குத் தேர்த் திருவிழாவை விளக்கவேண்டும். வடம், காவடி, பிரசாதம், அன்னதானம் என்பவற்றுக்கு ஆங்கிலத்தில் நேர்ச்சொல் இல்லை. இல்லாத இடத்தில் எப்படிச் சுற்றி வளைத்துச் சொல்வது என்பதுதான் மொழி வல்லமை. நம் சங்கத்து இளைஞருக்கு இதிலும் சிறந்த பயிற்சி வேறில்லை. தன் வீட்டைப்பற்றி அயலாருக்குச் சொல்லத் தெரியாதவன், அயல்வீட்டைப்பற்றி மட்டும் பேசக் கற்றென்ன பயன்?

ஆறாவது, சொல்வதெழுதலைப் புதுப்பித்தல். சொல்லுக்குச் சொல் எழுதவைத்துப் பிழைக்குப் புள்ளி குறைப்பது பழைய முறை. நான்கு வாக்கியமுள்ள சிறு பந்தியொன்றை வழக்கமான வேகத்தில் இருமுறை வாசியுங்கள். பிள்ளைகள் பிடிபட்ட சொற்களை மட்டும் குறிக்கட்டும். பின்பு நால்வர் நால்வராய்க் கூடி, அந்தப் பந்தியைத் தங்கள் வசனத்தில் மீண்டும் கட்டியெழுப்பட்டும். ஒருவருக்கு வினை பிடிபட்டிருக்கும். இன்னொருவருக்குப் பெயர் பிடிபட்டிருக்கும். கூடிக் கட்டும்போது இலக்கணத்தைத் தாமே கேள்வி கேட்பர். மற்றவனைப் பார்த்து எழுதுவது குற்றமாயிருந்த வகுப்பு, கூடி எழுதும் வகுப்பாகும்.

ஏழாவது, சொற்பெட்டி. வங்காளத்திலே பணியாற்றிய மைக்கல் வெஸ்ற் என்ற கல்விமான், கிராமத்துப் பிள்ளைக்கு எத்தனை ஆங்கிலச் சொல் தேவை என்று ஆராய்ந்தார். அவர் 1953 இல் வெளியிட்ட பட்டியலில் ஏறத்தாழ 2,000 தலைச்சொற்கள் உள. சாதாரண ஆங்கில நூல் ஒன்றில் வரும் சொற்களுள் நூற்றுக்கு எண்பதளவு இவற்றுள் அடங்கும். ஒரு நாளைக்கு ஐந்து சொல். ஆண்டிற் பாடசாலை நடக்கும் நாள் இருநூறு என்று கொண்டால், இரண்டு ஆண்டில் இரண்டாயிரம். கணக்குச் சுலபம், மறதிதான் பகைவன். எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் 1885 இலேயே மறதியை அளந்து காட்டினார்: கற்றதின் பெரும்பகுதி முதல் நாளிலேயே கழன்றுவிடுகின்றது, இடைவெளி விட்டு மீண்டும் மீண்டும் பார்த்தால் நிலைக்கின்றது. எனவே பழைய கலியாண அழைப்பிதழ்களை வெட்டி மட்டையாக்குங்கள். ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் தமிழ். நாளைக்கு ஒருமுறை, மூன்று நாளில் ஒருமுறை, வாரத்தில் ஒருமுறை, மாதத்தில் ஒருமுறை. சரியாகச் சொன்ன மட்டை அடுத்த பெட்டிக்குப் போகட்டும். தவறிய மட்டை முதற் பெட்டிக்குத் திரும்பட்டும்.

எட்டாவது, கதைப்புத்தகம். 1980 இல் பீஜித் தீவுகளின் கிராமப் பாடசாலைகளிலே எல்லி, மங்குபாய் என்ற இருவர் ஒரு பரிசோதனை செய்தனர். நான்காம் ஐந்தாம் வகுப்புகளுக்கு, வகுப்புக்கு 250 ஆங்கிலக் கதைப்புத்தகம் கொடுத்தனர். படமுள்ள, சுவையான கதைகள். பரீட்சை இல்லை, வாசிப்பது மட்டுமே. அப்பிள்ளைகள் வாசிப்பில், வழக்கமான பாடம் படித்தவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் முன்னேறினர். 1990களில் நமது இலங்கையின் சிறிய பாடசாலைகளிலும் இவ்வகை முயற்சி நடந்தது. நாம் படித்த மிஷன் பாடசாலை எமக்குத் தந்த பெருங்கொடை எதுவென்று கேட்டால், இலக்கண வகுப்பு என்று சொல்லமாட்டோம். வெள்ளிக்கிழமை தோறும் திறந்துவிடப்பட்ட புத்தக அலுமாரி என்றே சொல்வோம். நமது ஊர் வாசிகசாலைகளிலே அப்படி ஓர் அலுமாரி வைப்பது முடியாத காரியமா?

ஒன்பதாவது, மூத்தவர் இளையவருக்குக் கற்பித்தல். இது நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளை முறைதான். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையிலே அநாதைச் சிறுவர் இல்லமொன்றை நடத்திய அந்திரு பெல் என்ற பாதிரியார், ஊர்ப் பள்ளியொன்றிற் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு தம் இல்லத்திலும் அதை நடத்த விரும்பினார். அங்கிருந்த ஆசிரியர் மறுக்கவே, மூத்த மாணவரைக் கொண்டு இளையவருக்குக் கற்பிக்கச் செய்தார். 1797 இல் அதை நூலாக எழுதி இலண்டனில் வெளியிட்டார். அது இங்கிலாந்தில் "மதராஸ் முறை" என்றே பெயர் பெற்றுப் பரவியது. நாற்பது பேருள்ள வகுப்பில் ஓர் உபாத்தியாயர் நாற்பது நிமிடத்தில் ஒவ்வொருவரையும் பேசவைத்தால் ஆளுக்கு ஒரு நிமிடம். இருவர் இருவராய்ப் பேசவைத்தால் ஆளுக்கு இருபது நிமிடம். இக்கணக்கை எந்த உபாத்தியாயரும் மறுக்கமாட்டார்.

இவை அனைத்துக்கும் அடிப்படையான ஒரு விதி உண்டு. பிழை திருத்துவதற்கும் காலம் உண்டு. பிள்ளை பேசிக்கொண்டிருக்கும்போது இடைமறித்து ஒவ்வொரு பிழையையும் பிடித்தால், அடுத்த முறை அது பேசாது. பேசாதவனுக்குப் பிழையே வராது. ஆனால் மொழியும் வராது. இன்று இறந்தகாலம் ஒன்றையே கவனிப்போம், மற்றதை விடுவோம் என்று நாளுக்கு ஒரு பிழையை எடுத்துக்கொள்ளுங்கள். பேசி முடிந்தபின், யாருடைய பிழையென்று சொல்லாமல், கரும்பலகையில் எழுதித் திருத்துங்கள்.

உபாத்தியாயரிலும் பார்க்கக் கொடியவர்கள் சகமாணவர். ஒருவர் ஆங்கிலத்தில் ஒரு வசனம் சொன்னவுடன் பின்வாங்கிலிருந்து எழும் சிரிப்பு இருக்கிறதே, அதுதான் அந்த வாளின் கூர். சரியாகப் பேசினாலும் "பெரிய துரை" என்று சிரிப்பு. பிழையாகப் பேசினாலும் சிரிப்பு. சகோதரர்களே, இந்தச் சிரிப்பை நிறுத்துவதற்குச் சட்டமோ சுற்றுநிருபமோ வேண்டியதில்லை. நாம் சிரிக்காமல் இருந்தாற் போதும்.

"கைத்தொலைபேசி இப்போது எல்லாவற்றையும் மொழிபெயர்த்துத் தருகிறதே, இனி இந்தச் சிரமம் எதற்கு?" என்று இளைஞர் சிலர் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. அதை அருகே வைத்துக்கொள்ளுங்கள். நம் பேச்சைப் பதிவு செய்து நாமே கேட்கவும், ஒரு சொல்லின் உச்சரிப்பை அறியவும் உதவும். ஆனால் நேர்முகப் பரீட்சையிலும், நோயாளியின் படுக்கையருகிலும், விரிவுரையின் நடுவே கேள்வி எழும்போதும் அதைத் தட்டிக்கொண்டிருக்க முடியாது. மேலும், அது தந்த மொழிபெயர்ப்புச் சரியோ பிழையோ என்று தீர்மானிப்பதற்கே ஆங்கிலம் வேண்டுமே!

இன்னொன்றும் சொல்லவேண்டும். 1956 இன் மொழிச் சட்டம் இந்நாட்டவரிடையே எழுப்பிய மதிலைப் பெரியோர் அறிவர். 1987 இன் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியென்றது. ஆங்கிலத்தை இணைப்பு மொழியென்றது. சட்டத்தில் எழுதிய இணைப்பு வாழ்க்கையில் வரவேண்டாமா? நம் பிள்ளைகள் தெற்கிலுள்ள சிங்களப் பாடசாலை ஒன்றின் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்திற் கடிதம் எழுதட்டும். இரு பக்கத்தாருக்கும் அது இரண்டாம் மொழி. எனவே சிரிப்பவரும் இல்லை, சிரிக்கப்படுபவரும் இல்லை. உண்மையான ஒருவருக்கு உண்மையான செய்தியை எழுதுவதிலும் சிறந்த எழுத்துப் பயிற்சி உண்டோ?

கடைசியாக, சங்கத்தின் முன் எமது வேண்டுகோள். பேச்சோடு போகாமல் ஒன்று செய்வோம். சனிக்கிழமை தோறும் இரண்டு மணி நேரம் வாசிகசாலை மண்டபத்தைத் தாருங்கள். பல்கலைக்கழகத்திற் படிக்கும் உறுப்பினர் ஐவர் முறை வைத்து வருவோம். ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள் வரட்டும். கட்டணம் இல்லை, பரீட்சை இல்லை. முதல் அரை மணி கேட்டுச் செய்தல், அடுத்தது இருவர் பேச்சு, அதன்பின் கதை, கடைசி அரை மணி அலுமாரி திறந்திருக்கும். இளைப்பாறிய உபாத்தியாயர்கள் மாதத்தில் ஒருமுறை வந்து எங்களைத் திருத்தவேண்டும். வெளிநாட்டிலுள்ள உறவினர், ஊருக்கு வரும்போது சொக்கிலேற் பெட்டியோடு பத்துக் கதைப்புத்தகமும் கொண்டுவரட்டும்.

இதனால் ஒரே ஆண்டிற் பெரும் புரட்சி நிகழ்ந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஐந்தாறு ஆண்டுகளின் பின், இந்த மண்டபத்தில் இருந்து எழும்பிப் போன ஒரு பிள்ளை, விரிவுரை மண்டபத்திலே கையை உயர்த்தி, தன் ஊர்த் தொனியிலேயே, "எனக்கு விளங்கவில்லை, இன்னொருமுறை சொல்லுங்கள்" என்று ஆங்கிலத்திற் கேட்குமானால், அன்று அந்த வாள் மண்வெட்டியாயிற்று என்று கொள்வோம்.